பாஸ்கா இரவுக்குத் தயாராவது எப்படி? சாம்பல் புதனில் தொடங்கும் ஒரு வழிகாட்டி

சனிக்கிழமை இரவு பத்தே முக்கால் மணி. கோயிலில் ஒரு விளக்குகூட எரியாது. கையில் ஆளுக்கொரு மெழுகுதிரி, மெழுகு விரலில் சொட்டாமலிருக்க அடியில் ஓட்டை போட்ட காகிதக் கப். பின்வரிசையில் ஒரு குழந்தை, "எப்பம்மா லைட் போடுவாங்க?" என்று கேட்கும். அம்மாக்காரி "உஷ்" என்பாள். எந்த ஊர்ப் பங்குக் கோயிலுக்குப் போனாலும் அந்தக் கேள்வியும் அந்த "உஷ்"ஷும் தப்பாது.

முப்பது வருடமாக, ஈஸ்டருக்கு முந்தைய இரவில் நடக்கும் இந்தத் திருவிழிப்பு வழிபாட்டுக்குப் போகிறேன். அதில் பாதி வருடங்கள் அரைத்தூக்கத்தில் கழிந்தவை. வாசகங்களில் கொட்டாவி, "உன்னதங்களிலே" பாடும்போது திடுக்கென்று விழிப்பு, பூசை முடிந்ததும் வீட்டுக்கு ஓட்டம். மறுநாள் பிரியாணி. பெரிய விழாவுக்குப் போய்வந்தும் ஒன்றும் மாறவில்லையே என்று பிறகு குறைப்பட்டுக்கொள்வேன். ஒருமுறை, ஈஸ்டருக்கு முன் வரும் நோன்புக் காலமான தவக்காலத்தின் தொடக்கத்திலிருந்தே ஒழுங்காக நடந்து பார்த்தேன். இந்தச் சடங்குகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது, அந்த வரிசையே ஒரு சிகிச்சை என்று அப்போதுதான் புரிந்தது. அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கத்தோலிக்க வழிபாட்டை வைத்து எழுதினாலும், அதிகாலை நான்கு, ஐந்து மணிக்கு ஈஸ்டர் ஆராதனை நடத்தும் சி.எஸ்.ஐ., லுத்தரன் சபையாரும் பெரும்பாலானதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் "வசந்த விழா" என்ற பெயரைப் பற்றி

ஈஸ்டரை வசந்த விழா என்று சொல்லி முட்டை, முயல், லில்லிப் பூ என்று படம் போடுகிறார்கள். அதெல்லாம் பனி உருகும் நாடுகளின் அடையாளங்கள். இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலம் முழுக்க முட்டை சாப்பிடக் கூடாது. ஆனால் கோழிக்கு அது தெரியாதே! நாற்பது நாளும் இட்டுத் தள்ளிய முட்டைகளைத் திருநாளன்று சாயம் பூசிக் கொண்டாடினார்கள். கீழைத் திருச்சபையினர் கிறிஸ்துவின் இரத்தத்தை நினைத்து முட்டைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். நமக்கு அந்த நேரத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனாலும் அடையாளத்துக்குப் பஞ்சமில்லை. பழுத்த இலைகளைக் கொட்டித் தீர்த்த வேப்பமரம் அதே வாரங்களில்தான் செம்புநிறத் தளிர் விட்டுப் பூக்கிறது.

தேதி நிலாவைப் பார்த்து வருகிறது. மார்ச் 21-லோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். கி.பி. 325-ல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் எல்லாரும் ஒரே ஞாயிற்றில் கொண்டாட வேண்டும் என்று முடிவெடுத்தது. நிலாக் கணக்கின்படி மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எந்த ஞாயிறும் ஈஸ்டராக வரலாம். 2026-ல் ஏப்ரல் 5, 2027-ல் மார்ச் 28. விழாவின் வேர் யூதர்களின் பாஸ்கா, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து ஒரு கூட்டம் இரவோடு இரவாகக் கிளம்பிய கதை. பூ பூத்தது அதற்குப் பின்னணிதான்.

படி 1: சாம்பல் புதனன்று ஒரு வாக்கியம் எழுதுங்கள்

தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பல் எங்கிருந்து வருகிறது என்று பலருக்குத் தெரியாது. போன வருடம் குருத்தோலை ஞாயிறன்று "ஓசன்னா" பாடி நாம் ஆட்டிய அதே ஓலைகள்தான். காய்ந்து, எரிந்து, சலித்து, சாம்பலாகி நம்மிடமே திரும்புகிறது. போன வருட உற்சாகத்தின் மிச்சம் அது.

அதைப் பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். உங்கள் வாழ்க்கையில் எது செத்துக் கிடக்கிறது என்ற வாக்கியம். "நான் இன்னும் பொறுமையாக இருக்க வேண்டும்" என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. அது யாருக்கும் பொருந்தும். நான் எழுதியது இது: "சொத்துப் பிரிவினைக்குப் பிறகு மூன்று வருடமாக அக்காவிடம் பேசவில்லை." ஆள், இடம், காலம் மூன்றும் அதில் இருக்கட்டும். மடித்து விவிலியத்துக்குள் வைத்துவிடுங்கள்.

நோன்பு? எங்கள் பாட்டி காலத்தில் ஒருசந்தி, சுத்தபோசனம் என்ற சொற்கள்தான் புழங்கின. ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு என்றால் ஒருசந்தி, மாமிசம் விலக்கினால் சுத்தபோசனம். இப்போது டீயை விடுகிறார்கள், சீரியலை விடுகிறார்கள், போனை விடுகிறார்கள். எதை விட்டாலும் சரி, மிச்சமாகும் காசையோ நேரத்தையோ இன்னொருவருக்குக் கொடுக்காவிட்டால் அது வெறும் டயட். எசாயா 58-ஆம் அதிகாரத்தை ஒருமுறை படியுங்கள், காரம் தெரியும்.

கணக்கில் ஒரு சலுகையும் உண்டு. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய நாள்வரை எண்ணினால் 46 நாள் வரும். ஆறு ஞாயிறுகளையும் கழித்தால்தான் 40. ஞாயிறு ஒவ்வொன்றும் குட்டி ஈஸ்டர், அன்று நோன்பில்லை. நடுவில் ஒருநாள் தவறிவிட்டால் "எல்லாம் போச்சு" என்று கைவிட வேண்டாம், அடுத்த நாள் தொடருங்கள்.

படி 2: பழைய மாவைக் கொட்டுங்கள்

பாஸ்காவுக்கு முன் யூதக் குடும்பங்கள் வீட்டில் புளித்த மாவு ஒரு பிசிறுகூட இல்லாமல் தேடி அகற்றுவார்கள். திருத்தூதர் பவுல் அதைப் பிடித்துக்கொண்டு, பழைய புளிப்பு மாவை அகற்றிப் புதிய மாவாகுங்கள் என்று கொரிந்து நகரத்தாருக்கு எழுதினார். மாவாட்டும் வீட்டில் இதற்கு உரை தேவையில்லை. நேற்றைய மாவு ஒரு கரண்டி போதும், இன்று அரைத்தது மொத்தத்தையும் தன் குணத்துக்குக் கொண்டுவந்துவிடும். நம்முடைய பழைய கோபமும் அப்படித்தான். புதிதாகச் சந்திக்கிற மனிதரிடமும் பழைய புளிப்பு ஏறிவிடுகிறது.

இதற்காகத்தான் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம் வரைக்கும் தள்ளிப்போடாதீர்கள், வரிசை வாசல்வரை நிற்கும், ஃபாதருக்கும் பொறுமை இருக்காது. மூன்றாம், நான்காம் வாரத்திலேயே போய்விடுங்கள். காகிதத்தில் எழுதிய வாக்கியத்தை அங்கே வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் சபையில் அந்த வழக்கம் இல்லையென்றால் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லலாம். எழுதியதைவிடச் சொல்வது கடினம். எனக்கு "அக்கா தப்பு செய்தாள்" என்று நான்கு வாக்கியம் சரளமாக வந்தது. "நானும்" என்ற ஒரு சொல்லுக்குத் தொண்டை அடைத்தது.

படி 3: வியாழன் இரவு காலை நீட்டுங்கள்

இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்து நடக்கும் சடங்கில் எல்லாரும் கழுவுகிறவரையே பார்க்கிறார்கள். உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். வீட்டிலேயே மூன்று தடவை தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருப்பார்கள், அழுக்கோடு காட்ட வெட்கம். இயேசுவின் சீடன் பேதுருவுக்கும் அதே பிரச்சினை. "நீர் என் காலடிகளைக் கழுவ விடவே மாட்டேன்" என்றான். புதிதாவதற்கு முதல் தடை இந்தக் கூச்சம்தான், யாரிடமும் எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிற வீம்பு. (பெண்களும் பாதம் கழுவப்படும் பன்னிருவரில் உட்காரலாம் என்று போப் பிரான்சிஸ் விதியை மாற்றியது 2016-ல். நடைமுறைக்கு வரச் சில பங்குகளில் இன்னும் தயக்கம்.)

அன்று ஒரு வேலை: யாராவது ஓர் உதவி செய்ய வந்தால் "பரவாயில்லை, நானே பார்த்துக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.

பூசை முடிந்ததும் பீடத்தின் துணிகளைக்கூட உருவிவிடுவார்கள். வானவர் கீதத்துக்கு ("உன்னதங்களிலே" பாட்டுக்கு) பிறகு மணியும் அடிக்காது, மரக்கட்டைச் சத்தம்தான்.

படி 4: வெள்ளி

இங்கே நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. சிலுவைப் பாதை, மூன்று மணி வழிபாடு, சிலுவை முத்தி, கோயில் வளாகத்தில் ஊற்றும் கஞ்சி என்று நம் மக்களுக்கு வெள்ளி அத்துப்படி. ஈஸ்டருக்கு வராதவர்கள்கூடப் பெரிய வெள்ளிக்கு வந்துவிடுவார்கள். துக்க வீட்டுக்குப் போகாமலிருப்பது நம் பழக்கத்தில் இல்லையே. அந்த வாக்கியத்தை மட்டும் மறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு போங்கள், முத்தி செய்யும்போது கையில் இருக்கட்டும்.

படி 5: சனிக்கிழமையைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றுவீர்கள் என்றால் இதைப் பின்பற்றுங்கள். வெள்ளியின் அழுகையிலிருந்து நேராக ஞாயிற்றின் அல்லேலூயாவுக்குத் தாவுவதுதான் நம் எல்லாருடைய வழக்கம். சனிக்கிழமை பகலில் கறிக்கடை, துணிக்கடை, பாடகர் குழு ஒத்திகை, தோரணம். திருச்சபையோ அன்று பகலில் ஒன்றுமே செய்வதில்லை. திருப்பலி கிடையாது. பீடம் வெறுமை. நற்கருணை அப்பத்தை வைக்கும் பேழையின் கதவு திறந்து கிடக்கும், உள்ளே ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம் அதன் முன்னால் போய் உட்கார்ந்து பாருங்கள். பழகிய வீட்டில் ஆளில்லாதபோது வரும் அந்த அமைதி இருக்கும்.

விசுவாச அறிக்கையில் "பாதாளத்தில் இறங்கினார்" என்று வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோமே, அதுதான் சனிக்கிழமை. கீழைத் திருச்சபை உயிர்ப்பை வரையும்போது கல்லறையிலிருந்து மேலே எழும் கிறிஸ்துவை வரைவதில்லை, கீழே இறங்கியவரை வரைகிறது. இஸ்தான்புல்லில் கோரா ஆலயச் சுவரில் 14-ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று இருக்கிறது. கிறிஸ்து காலடியில் உடைந்த கதவுகள், சிதறிய பூட்டுகள். இருபுறமும் ஆதாமையும் ஏவாளையும் கல்லறைப் பெட்டிகளிலிருந்து இழுக்கிறார். கவனித்துப் பாருங்கள், உள்ளங்கையோடு உள்ளங்கை கோக்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். கிணற்றில் விழுந்தவனை அப்படித்தான் தூக்குவார்கள், அவனுக்குப் பிடித்துக்கொள்ளும் பலம் இருக்காது.

அக்கா விஷயத்தில் நான் மூன்று வருடமாகத் தீர்வு தேடிக்கொண்டிருந்தேன். யார் முதலில் பேசுவது, என்ன சொல்வது, யாரைத் தூது அனுப்புவது. அந்தச் சனிக்கிழமை காலிப் பேழை முன் உட்கார்ந்தபோது முதல்முறையாக ஒன்றும் யோசிக்கவில்லை. இது என் கையால் எழும்பாது என்று ஒத்துக்கொண்டேன், அவ்வளவுதான். வேறு எந்த அனுபவமும் ஏற்படவில்லை. கொசு கடித்தது.

அன்று மதியம் இரண்டு மணிநேரம் தூங்குங்கள். இரவில் விழித்திருக்க அது ரொம்ப முக்கியம்.

படி 6: இரவு

1950-கள் வரை இந்தத் திருவிழிப்பை உலகம் முழுவதும் சனிக்கிழமை காலையில், பட்டப்பகலில் நடத்தினார்கள் என்றால் நம்புவீர்களா? "இதுவே அந்த இரவு" என்று வெயிலில் நின்று பாடியிருக்கிறார்கள். 1951-ல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் இதை இரவுக்கே திருப்பிக் கொண்டுவந்தார். ஆகவே இருட்டு இந்த வழிபாட்டுக்கு அலங்காரம் அல்ல. உள்ளே போனதும் போனை அணைத்துவிடுங்கள், வீடியோ எடுக்கிறவர்களின் வெளிச்சம்தான் இன்று பெரிய தொல்லை.

முதலில் நெருப்பு. வெளியே புதுத் தீ மூட்டி, அதிலிருந்து பாஸ்கா திரி எனும் பெரிய மெழுகுதிரியை ஏற்றுவார்கள். அதற்குமுன் திரியில் குருவானவர் சிலுவை கீறுவார், மேலும் கீழும் கிரேக்க அகரவரிசையின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும், நான்கு மூலையில் அந்த ஆண்டின் நான்கு எண்கள், ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகள். பழைய விவிலியத்தில் "அல்பாவும் ஓமெகாவும்" என்று இருந்த திருவெளிப்பாட்டு வசனம் இப்போதைய பொது மொழிபெயர்ப்பில் "அகரமும் னகரமும்" என்று வருகிறது. நம் நெடுங்கணக்கின் முதலும் கடைசியும். சிறுவயதில் பலகையில் எழுதிப் பழகிய இரண்டு எழுத்துகளுக்குள் எல்லாமும் அடங்கிவிடுவதைக் கேட்க எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும். ஆண்டின் எண்களையும் பாருங்கள். இந்த வருடத்தின் கடன், ஆஸ்பத்திரிச் செலவு, சண்டை எல்லாம் அந்த நான்கு எண்களுக்குள் இருக்கிறது. அதன்மேல்தான் தீ எரிகிறது.

திரி உள்ளே வரும்போது மூன்று இடத்தில் நிற்கும். "கிறிஸ்துவின் ஒளி" என்று பாடுவார்கள். இரண்டாவது இடத்தைத் தாண்டியதும் பக்கத்து ஆள் சாய்த்துக் கொடுக்க உங்கள் மெழுகுதிரி பற்றும். ஒரு நுணுக்கம்: எரியும் திரியைச் சாய்க்காமல் எரியாததைச் சாய்த்துப் பற்றவைத்தால் மெழுகு யார் கையிலும் சொட்டாது. அந்த வருடம் மின்விசிறியை யாரோ தெரியாமல் போட, என் திரி அணைந்தது. மூன்று தடவை. மூன்று தடவையும் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தன் திரியை நீட்டினார்.

அடுத்து பாஸ்காப் புகழுரை. நீளமானது, பாடுகிறவர் சுதி விலகிவிட்டால் இன்னும் நீளம். இரண்டு இடத்தில் மட்டும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஆதாமின் பாவத்தை அது பாக்கியமான குற்றம் என்று அழைக்கிறது, இத்தகைய மீட்பரைப் பெற்றுத் தந்ததால். இன்னொரு இடத்தில் மெழுகைத் தந்த தேனீயை நன்றியோடு நினைக்கிறது. இவ்வளவு பெரிய இரவிலும் ஒரு பூச்சியின் உழைப்பை மறக்கவில்லை.

பிறகு வாசகங்கள். முழுதாக நடத்தினால் பழைய ஏற்பாட்டிலிருந்து மட்டும் ஏழு. பெரும்பாலும் மூன்று, நான்காகக் குறைப்பார்கள், செங்கடல் கடக்கும் வாசகத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. தூக்கம் வருவது இங்கேதான். வீட்டிலேயே ஏழையும் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள், எசேக்கியேல் 36-ஐ அதிகமாக. கல்லான இதயத்தை எடுத்துவிட்டுச் சதையாலான இதயத்தைத் தருவேன் என்கிறார் கடவுள். சதை என்றால் வலிக்கும். கல்லுக்கு அந்தத் தொல்லை இல்லை.

வானவர் கீதம் தொடங்கியதும் மணிகள், விளக்குகள், நம்மூராக இருந்தால் வெடி, புகை, திரை விலகி மேலே எழும் உயிர்த்த ஆண்டவர் சுரூபம். கயிறு சிக்கி ஆண்டவர் பாதியில் நின்ற வருடமும் உண்டு. எனக்கு இந்த நாடகம் கொஞ்சம் அதிகமோ என்று தோன்றும். பக்கத்தில் நிற்கும் குழந்தைகளின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வேன்.

பிறகு தண்ணீர். இரவின் உச்சம் இதுதான். பாஸ்கா திரியைத் தண்ணீருக்குள் இறக்கி மந்திரித்ததும் "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?" என்று கேட்பார்கள். "விட்டுவிடுகிறேன்" என்று பழக்கதோஷத்தில் முணுமுணுப்போம். நான்காம் நூற்றாண்டு எருசலேமில் இது எப்படி நடந்தது என்று ஆயர் சிரில் பெயரால் வழங்கும் போதனைகளில் இருக்கிறது. திருமுழுக்குப் பெறுகிறவர்கள் சூரியன் மறையும் மேற்குத் திசை நோக்கி நின்று, கையை நீட்டி, எதிரில் நிற்பவனிடம் சொல்வதுபோல் "உன்னை விட்டுவிடுகிறேன்" என்பார்கள். பிறகு கிழக்கே திரும்பி விசுவாசத்தை அறிக்கையிடுவார்கள். பழைய உடையைக் களைந்து தண்ணீரில் இறங்கி, ஏறியதும் வெள்ளை உடை. புனித அகுஸ்தீனார் 387-ஆம் ஆண்டு பாஸ்கா இரவில் மிலான் நகரில் அப்படித்தான் தண்ணீரில் இறங்கினார். எழுதி வைத்த வாக்கியத்தை இங்கே, "விட்டுவிடுகிறேன்" என்று சொல்லும் அந்த நொடியில், மனதுக்குள் வையுங்கள். இதற்காகத்தான் நாற்பது நாள் சுமந்தது.

படி 7: ஞாயிறு

தூங்குங்கள். நன்றாகச் சாப்பிடுங்கள். ஆட்டுக்கறியை யாரும் குறை சொல்லப்போவதில்லை. மாலையில் யோவான் 20 படியுங்கள். மகதலா மரியா உயிர்த்தவரை நேருக்கு நேர் பார்த்தும் தோட்டக்காரர் என்றுதான் நினைக்கிறாள். "மரியா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகே திரும்புகிறாள். புதிதான ஒன்று நம் எதிரில் வந்து நின்றாலும் முதலில் அடையாளம் தெரியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஞாயிறு மாலையில் "ஒன்றுமே தோன்றவில்லையே" என்று சோர்ந்தால் இந்தப் பக்கத்தைத் திருப்புங்கள்.

படி 8: அடுத்த ஐம்பது நாள்

தவக்காலத்துக்கு நாற்பது நாள் கொடுத்த திருச்சபை கொண்டாட்டத்துக்கு ஐம்பது நாள் கொடுக்கிறது. நாமோ திங்கட்கிழமையே மறந்துவிடுகிறோம். தொடக்கக் காலத்தில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள் வெள்ளை உடையை எட்டு நாள் கழற்றமாட்டார்கள். நீங்கள் ஒரு சின்ன அடையாளம் வைத்துக்கொள்ளலாம். நான் அந்த இரவின் மெழுகுதிரியை ஐம்பது நாளும் சாப்பாட்டு மேசையில் ஏற்றுவேன்.

எட்டாம் நாள் தோமாவின் ஞாயிறு. உயிர்த்த உடலில் காயங்கள் அப்படியே இருக்கின்றன, அவற்றைத் தொட்டுப் பார்க்கும்படி சந்தேகப்பட்ட சீடன் தோமாவிடம் சொல்கிறார் இயேசு. இலங்கையில் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று குண்டு வெடித்த ஆலயங்களில் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயமும் ஒன்று. அங்கிருந்த உயிர்த்த ஆண்டவர் சுரூபத்தில் இரத்தம் தெறித்தது. அதைக் கழுவாமல் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கிறார்கள். புதிதாவது என்றால் நடந்ததை அழிப்பது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தச் சுரூபம்தான் நினைவுக்கு வரும்.

பிறகு யோவான் 21. பேதுரு தன் குருவை மூன்று தடவை மறுதலித்தது ஒரு கரி நெருப்பின் அருகில், குளிர்காய்ந்துகொண்டு. உயிர்த்த இயேசு ஏரிக்கரையில் அவனுக்காக மூட்டி வைத்திருப்பதும் கரி நெருப்புதான். கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டே இடத்தில் வருகிறது. அதே வாசனை, அதே புகை. அங்கே முதலில் விசாரணை இல்லை. மீன் சுட்டு வைத்து, "சாப்பிட வாருங்கள்" என்கிறார். "என்மீது அன்பு செலுத்துகிறாயா?" என்று மூன்று தடவை கேட்பது சாப்பிட்டு முடித்த பிறகுதான்.

ஆகவே இந்த ஐம்பது நாளில் செய்யவேண்டிய வேலை: உங்கள் கரி நெருப்பு எங்கே எரிந்ததோ அங்கே ஒருமுறை போங்கள். வீடாக இருக்கலாம், அலுவலகமாக இருக்கலாம், ஒரு போன் நம்பராக இருக்கலாம். எனக்குத் துணிச்சல் வர ஒன்பது நாள் ஆனது. திங்கட்கிழமை இரவு அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்தாள். இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. பிறகு, "சாப்பிட்டியா?" என்றாள். "சாப்பிட்டேங்க்கா" என்றேன். வேறொன்றும் பேசவில்லை, சொத்து விவகாரம் இன்றுவரை முழுதாகத் தீரவுமில்லை.

மிஞ்சும் பொருட்களைப் பற்றி

ஐம்பது நாளின் முடிவில் வரும் தூய ஆவிப் பெருவிழாவோடு பாஸ்கா திரியைப் பீடத்தருகிலிருந்து எடுத்துத் திருமுழுக்குத் தொட்டி அருகே வைத்துவிடுவார்கள். அதன்பின் இரண்டு நேரத்தில் ஏற்றுவார்கள்: குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கும்போதும், சவப்பெட்டி கோயிலுக்குள் வரும்போதும். மந்திரித்த தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்து வாருங்கள், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் பாட்டிமார் தெளிக்கக் கேட்பார்கள். விவிலியத்துக்குள் இருக்கும் காகிதத்தைக் கிழிப்பதும் வைத்திருப்பதும் உங்கள் இஷ்டம், நான் வைத்திருக்கிறேன். படத்துக்குப் பின்னால் செருகிய குருத்தோலையைத் தீபாவளி ஒட்டடையோடு தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சாம்பல் புதனுக்கு முந்தைய ஞாயிறுகளில் பழைய ஓலைகளைக் கோயிலுக்குக் கொண்டுவரச் சொல்லி அறிவிப்பார்கள். 2027-ல் சாம்பல் புதன் பிப்ரவரி 10.